பாப் டிலன் கிடப்பில் போட்ட நியூயார்க் ஆல்பத்தைக் கேட்கும் முறை

1975 ஜனவரி 20 அன்று கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'பிளட் ஆன் த டிராக்ஸ்' ஆல்பத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டு வருபவர்களிலும், அதே பெயரில், அதே பத்துப் பாடல்களோடு, அதே வரிசையில் வேறொரு ஆல்பம் அதற்கு முன்பே முடிக்கப்பட்டு, சோதனைத் தட்டு (விற்பனைக்கு முன் சரிபார்க்க அச்சிடும் மாதிரி இசைத்தட்டு) வரை அச்சாகி, வெளிவருவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது என்பதை அறியாதவர்கள் பலர். அந்த முதல் வடிவத்தை இன்று முறையாகவே வாங்கிக் கேட்க முடியும். ஆனால் எதை எடுப்பது, எந்தப் பாடலிலிருந்து தொடங்குவது, எதற்குக் காது கொடுப்பது என்று தெரியாமல் கேட்டால் அது வெறும் ஒத்திகைப் பதிவு போலத் தோன்றிவிடும். நான் முதன்முதலில் அப்படித்தான் கேட்டு, பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கேட்கத் தொடங்குவதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 1974 செப்டம்பர் 16 அன்று, நியூயார்க்கில் ஏழாவது அவென்யூ 799ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. டிலன் தம் தொடக்ககால ஆல்பங்களைப் பதிவு செய்த கொலம்பியாவின் பழைய ஸ்டுடியோ அது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஃபில் ரமோன். முதல் நாளில் எரிக் வைஸ்பர்கும் அவருடைய குழுவினரும் வாசித்தார்கள். டிலன் பாடல்களை விளக்காமல், கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களை)ச் சொல்லாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குத் தாவிச் சென்றதால் அவர்களால் பின்தொடர முடியவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த டோனி பிரௌன் மட்டுமே பெரும்பாலும் உடன் இருந்தார். பால் கிரிஃபினின் ஆர்கனும் பட்டி கேஜின் பெடல் ஸ்டீல் கிட்டாரும் சில இடங்களில் சேர்ந்தன. செப்டம்பர் 19க்குள் பாடல் பதிவு முடிந்தது.

பிறகு ஆண்டிறுதி விடுமுறைக்கு மினசோட்டா சென்ற டிலன், சோதனைத் தட்டைத் தம்பி டேவிட் ஜிம்மர்மனுக்குப் போட்டுக் காட்டினார். சில பாடல்களை மீண்டும் பதிவு செய்யலாம் என்று தம்பி சொல்ல, டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில் மினியாபொலிஸ் நகரின் சவுண்ட் 80 ஸ்டுடியோவில், உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்டு ஐந்து பாடல்கள் புதிதாகப் பதிவாயின. ஆல்பத்தின் உறை அதற்குள் அச்சாகியிருந்ததால் அந்தக் கலைஞர்களின் பெயர் அதில் இடம்பெறவில்லை. உலகம் கொண்டாடிய ஓர் ஆல்பத்தின் பாதியை வாசித்தவர்களின் பெயர் உறையில் இல்லாமல் போனதை என்னால் இன்றும் எளிதாகக் கடந்து செல்ல முடியவில்லை.

முதல் வேலை, சரியான பதிவைத் தேர்ந்தெடுப்பது. 2018 நவம்பர் 2 அன்று 'மோர் பிளட், மோர் டிராக்ஸ்' என்ற பெயரில், டிலனின் வெளிவராத பதிவுகளைத் தொகுக்கும் பூட்லெக் வரிசையின் 14ஆம் தொகுதியாக, நியூயார்க் ஒலிப்பதிவு முழுவதும் ஆறு குறுந்தகடுகளில் வெளிவந்தது. இதன் ஒரே தகட்டுச் சுருக்கப் பதிப்பும் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு மாற்று டேக் (அதே பாடலை இன்னொரு முறை பாடிய பதிவு) இருக்கிறதே தவிர, அது சோதனைத் தட்டின் நகல் அன்று. சோதனைத் தட்டையே அதன் வரிசையில் கேட்க விரும்புகிறவர்கள் 2019இல், இசைத்தட்டுக் கடைகளைக் கொண்டாடும் ரெக்கார்ட் ஸ்டோர் டே நாளுக்காக வெளியான எல்பி தட்டைத் தேட வேண்டும். 1985இல் வந்த 'பயோகிராஃப்' தொகுப்பிலும், 1991இல் வந்த பூட்லெக் வரிசையின் முதல் மூன்று தொகுதிகளிலும் சில நியூயார்க் பதிவுகள் உண்டு. அவற்றையும் சோதனைத் தட்டாக எண்ணிவிடாதீர்கள். 1991இல் வந்த 'இடியட் விண்ட்' பதிவில் ஆர்கன் இல்லை. சோதனைத் தட்டில் அது உண்டு.

அடுத்து, வேகத்தைக் கவனியுங்கள். 1974இல் டிலனின் விருப்பப்படி பல பாடல்களின் ஒலிநாடா 2 முதல் 3 சதவீதம் வேகமாக ஓட்டப்பட்டது. 2018 தொகுப்பில் அவை பாடப்பட்ட வேகத்திலேயே இருக்கின்றன. 3 சதவீதம் என்பது ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் ஏறக்குறைய பாதி. எனவே வெளிவந்த ஆல்பத்தையும் இந்தத் தொகுப்பையும் அடுத்தடுத்துப் போடும்போது குரல் சற்றுத் தடித்தும் தளர்ந்தும் கேட்டால், அது பாடியவரின் சோர்வு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட இடைவெளி விட்டால் காது பழைய சுருதியை மறந்துவிடும்.

மாற்றிப் பதிவான ஐந்து பாடல்களில் 'டேங்கில்ட் அப் இன் ப்ளூ' பாடலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நியூயார்க் வடிவம். டிரம்ஸ் கிடையாது, கிட்டாரும் பேஸும் மட்டுமே. டிலன் கிட்டாரின் கம்பிகளைத் திறந்த ஈ சுருதிக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார். விரல் எதையும் அழுத்தாமல் எல்லாக் கம்பிகளையும் மீட்டினாலே முழுக் கார்டு ஒலிக்கும். அதனால் அடிக்கம்பி தம்பூராவைப் போல ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். நியூயார்க் பதிவின் பாடல்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரே சுருதியில் அமைந்தவை. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது குறையாகத் தெரியாது. மேற்கத்திய ராக் ஆல்பம் ஒன்றில் நாற்பது, ஐம்பது நிமிடங்களுக்கு ஆதார சுருதி மாறாமல் இருப்பது அரிது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிறகு மினியாபொலிஸ் வடிவம். அங்கே கிட்டார் வாசித்த கெவின் ஓடகார்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, முதலில் ஜி சுருதியில் வாசித்துப் பார்த்தார்கள். ஏ சுருதிக்கு உயர்த்தலாம் என்று அவர் சொல்ல, டிலன் ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்றம் குரலை எட்டிப் பிடிக்க வைக்கிறது. பில் பெர்கின் டிரம்ஸ் பாடலை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைப் போல முன்னே தள்ளுகிறது. இரண்டாவது முறை கேட்கும்போது இசையை விட்டுவிட்டுச் சொற்களைக் கவனியுங்கள். நியூயார்க்கில், காலை வெயிலில் படுக்கையில் கிடப்பவன் 'அவன்'. மினியாபொலிஸில் அதே ஆள் 'நான்'. ஒரே சொல்தான் மாறியது, ஆனால் யாரோ ஒருவனின் கதையாக எட்ட நின்று சொன்னதைப் பாடகர் தம் தலையில் ஏற்றுக்கொண்டுவிடுகிறார். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் மற்ற நான்கு பாடல்களிலும் எங்கே காது வைப்பது என்பது தானாகப் புரிந்துவிடும்.

'இடியட் விண்ட்' பாடலுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். இந்த முழு முயற்சியின் நடுமையம் அதுதான். வெளிவந்த வடிவத்தில் டிலன் கடும் கோபத்தில் இருக்கிறார். ஒவ்வோர் அடியின் கடைசி எழுத்தையும் இழுத்துப் பிடித்து எறிகிறார். நியூயார்க் வடிவத்தில் அதே குற்றச்சாட்டுகளைக் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகச் சொல்கிறார். வெளிவந்த வடிவத்தில் குறிசொல்பவன் ஒருவன் மின்னலைப் பற்றி எச்சரிக்கும் இடத்தில், நியூயார்க் வடிவத்தில் பாடகர் தாமே ஈ ச்சிங் என்னும் சீனக் குறிநூலைப் பார்க்கிறார். தட்டிக்கேட்க எதிரில் ஆளே இல்லாத அறையில், தனியே உட்கார்ந்து தன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் மனிதனின் குரல் அது. சத்தமான வடிவத்தை முதலில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உப்பில்லாததாகத் தோன்றும். இரவில், வீடு அடங்கிய பிறகு, ஹெட்ஃபோனில் கேளுங்கள். என் கணிப்பில் கிடப்பில் போட்டதால் நேர்ந்த பெரிய இழப்பு இந்தப் பாடல்தான். 'டேங்கில்ட் அப் இன் ப்ளூ' மாற்றப்பட்டது பெரும் நன்மை என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

ஹெட்ஃபோனில் கேட்கும்போது சில டேக்குகளில் கிட்டார் மீட்டலோடு 'டிக், டிக்' என்று ஒரு சிற்றொலி ஒட்டிவரும். குறுந்தகட்டில் கீறல் என்று நினைத்து நான் ஒருமுறை துடைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். அது டிலன் அணிந்திருந்த மேலாடையின் பொத்தான்கள் கிட்டாரின் மரத்தில் உரசும் ஒலி. நிறுத்தித் திருத்தவும் மனமில்லாத வேகத்தில் பதிவு நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

'இஃப் யூ சீ ஹர், சே ஹலோ' பாடலில் ஓர் அடியை மட்டும் ஒப்பிட்டால் போதும். பிரிந்துபோன பெண்ணோடு இப்போது இருக்கக்கூடிய இன்னொருவனிடம் பாடகர் பேசும் அடி அது. நியூயார்க்கில் அவர்களுடைய நெருக்கத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். மினியாபொலிஸில் 'நீ அவளருகே போனால்' என்ற அளவில் நாகரிகமாக நிறுத்திக்கொள்கிறார். 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்' பாடலில் சொற்கள் அவ்வளவாக மாறவில்லை. நியூயார்க் வடிவத்தின் ஆர்கனையும் பெடல் ஸ்டீலையும் தொடர்ந்து கேளுங்கள். நீண்ட கதைப்பாடலான 'லில்லி, ரோஸ்மேரி அண்ட் த ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்' நியூயார்க்கில் ஒரு சரணம் கூடுதலாக உள்ளது. தனிக் கிட்டாரோடு அத்தனை பாத்திரங்களையும் தாங்கி நிறுத்துவது கடினம். இங்கே டிரம்ஸ் வந்தது சரி என்றே நினைக்கிறேன்.

இதன் பிறகே, மாறாமல் நின்ற ஐந்து பாடல்களுக்கு வாருங்கள். 'சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்', 'ஷெல்டர் ஃப்ரம் த ஸ்டார்ம்', 'பக்கெட்ஸ் ஆஃப் ரெய்ன்' முதலியவை இரண்டு ஆல்பங்களிலும் நியூயார்க் பதிவுகளே. ஆனாலும் அவை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் கேட்கின்றன. 'சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்' வெளிவந்த ஆல்பத்தில் ஒரு பெரும் ஓட்டத்துக்குப் பிறகு மூச்சு வாங்கும் இடமாக வருகிறது. சோதனைத் தட்டில் அதே இருட்டு அறையில் பேச்சு தொடர்வது போல வருகிறது. இதை உணர, ஒவ்வோர் ஆல்பத்திலும் முதல் இரண்டு பாடல்களை மட்டும், அவற்றுக்கு நடுவே நிறுத்தாமல், போட்டுப் பாருங்கள்.

அது முடிந்தபின் 2018 தொகுப்பிலோ 'பயோகிராஃப்' தொகுப்பிலோ 'அப் டு மீ' என்ற பாடலைத் தேடி, 'ஷெல்டர் ஃப்ரம் த ஸ்டார்ம்' பாடலுக்கு அடுத்து வையுங்கள். அதே செப்டம்பரில், அதே ஸ்டுடியோவில் பதிவானது. மெட்டும் ஏறத்தாழ அதேதான். சோதனைத் தட்டிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை, வெளிவந்த ஆல்பத்திலும் கிடைக்கவில்லை. முதல்முறை சொற்களைப் பின்தொடராமல், டோனி பிரௌனின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.