பட்டை மாற்றிய லாரி, அலைன்மென்ட் கடை வரை

லாரியின் முன் பட்டையும் (எடையைத் தாங்கும் இரும்புத் தகடு ஸ்பிரிங்) டை ராடு எண்டும் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) மாற்றியாச்சு. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடையோ பைபாஸில். அப்படியே ஓட்டினால் டயர் தேயும். இன்றைய டயர் விலைக்கு அது கட்டுப்படியாகாது.

வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பட்டையை உட்காரவிட்டேன். இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸ் கோடு. ஹப் (சக்கர மையம்) உயரத்தில், டயரின் முன்புறம் டேப் பிடித்து அளந்தேன். அதே கோடு பின்புறம் வரும்வரை வண்டியை நகர்த்தி மறுபடி அளந்தேன். முன்புறம் 14 மி.மீ. அதிகம், சக்கரங்கள் வெளியே பார்த்து நின்றன. கிளாம்பைத் தளர்த்தி, பைப் ரெஞ்சால் டை ராடைத் திருகி, பின்புறத்தைவிட முன்புறம் 2 மி.மீ. குறைவாக இருக்கும்படி வைத்தேன்.

காலி வண்டி, வேகம் 40 கி.மீ.-ஐத் தாண்டவில்லை. வழியில் இறங்கி டயரைக் குறுக்கே தடவினேன். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி அறுப்பு என்றால் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) சரியில்லை. அறுக்கவில்லை. பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்தான் கொஞ்சம் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டுக் கிளம்பினேன்.