படர்தாமரை ஆறாத பூனைக்கு இரத்தம் பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக் கடுவன்கள் இரவிரவாகக் கடிபடுகிறவை. அப்படிப்பட்ட பூனைக்கு மருந்து போட்டும் படர்தாமரை ஆறவில்லையா? களிம்பை மாற்றி மாற்றிப் பூசாமல், மிருக வைத்தியரிடம் எஃப்ஐவி (பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரசு), எஃப்இஎல்வி (பூனைகளின் இரத்தப் புற்றுநோய் வைரசு) இரண்டுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்ஐவி கடிகாயத்தால் தொற்றி, படர்தாமரைப் பூஞ்சையை அடக்க உதவும் சிடி4 என்ற வெள்ளை அணுக்களைக் குறைக்கும். எஃப்இஎல்வியும் எதிர்ப்பை நலிவாக்கும். அது எச்சிலால் பரவுவதால் சாப்பாட்டுக் கோப்பையைப் பிரித்து வையுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எஃப்ஐவி பொசிட்டிவ் வந்தால், அது தாயின் எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். பிறகு திரும்பப் பாருங்கள்.

மருந்தில்தான் கவனம் வேண்டும். எஃப்ஐவி உள்ள பூனைக்குக் கிரிசியோபுல்வின் என்ற பூஞ்சைக்கான குளிசையைக் கொடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு வெள்ளை அணுக்கள் ஆபத்தாகக் குறையலாம். வீட்டில் யாருக்கோ எழுதிய குளிசையை உடைத்துக் கொடுக்கும் அன்ரிமாருக்கும் இதைச் சொல்லுங்கள். இட்ரகொனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்து சரிவருமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். இந்த வைரசுகள் மனிதருக்குத் தொற்றாது. படர்தாமரை தொற்றும், கையுறை போடுங்கள்.