மலையில் பட்டு ஸ்கார்ஃப்: தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

மலேசியாவின் கேமரன் மலையில், கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் அமைந்திருக்கும் தானா ராத்தா ஊரில், காலையில் தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ புறப்படுபவர்களுக்குக் கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப் உண்மையாகவே தேவைப்படுகிறது. குளிருக்குப் பட்டு ஏற்றது. ஆனால் குளிரோடு சேர்ந்து வரும் பனிமூட்டமும் ஈரமும் பட்டுக்கு ஆகாதவை. வாங்கும்போதே நெசவு, எடை, ஜரிகை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால், பின்னர் எப்படிப் பேணுவது என்பதில் குழப்பம் இராது.

முதலில், அது பட்டுதானா என்று அறிய வேண்டும். பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையில் ‘சில்க்’ என்று விற்கப்படுவது பாலியஸ்டராகவும் இருக்கலாம். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாடையுடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ரேயானில் காகிதம் எரியும் வாடை வரும்.

பட்டின் கனத்தை ‘மோம்மே’ என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு மோம்மே என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.3 கிராம். ஆகவே 90 சென்டிமீட்டர் சதுர ஸ்கார்ஃப் 14 மோம்மே என்றால் சுமார் 49 கிராமும், 8 மோம்மே என்றால் சுமார் 28 கிராமும் இருக்க வேண்டும். விற்பவர் சொல்வது சரியா என்பதைச் சமையலறைத் தராசே சொல்லிவிடும். மெல்லிய சிஃபான் பொதுவாக 6 முதல் 8 மோம்மே வரை இருக்கும். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அழகுதான், ஆனால் நகமும் தோடும் பட்டாலே இழை இழுபடும். சாட்டினின் பளபளப்பு கண்ணைப் பறித்தாலும், ஒரு துளி நீர் தெறித்தாலும் கறைபோல் தடம் விழக்கூடும் என்பதால், தூறல் ஓயாத ஊரில் அதை அன்றாடம் அணிவது வீண் கவலை. சாய்கோட்டு நெசவான ட்வில்லும், சற்றே சொரசொரப்பான கிரேப்பும் 12 முதல் 16 மோம்மே வரையிலான கனத்தில் கிடைக்கின்றன. கட்டினால் நழுவாமல் நிற்கும், சுருக்கமும் குறைவு. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ட்வில்லையே வாங்கலாம்.

தாய்லாந்துக் கைத்தறிப் பட்டில் இழைகள் ஆங்காங்கே தடித்திருக்கும். அது அதன் இயல்பு, குறையன்று. (அந்தப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று இதே கேமரன் மலையில்தான் காணாமல் போனார்.) மலேசியாவின் கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பத்தேக் (மெழுகிட்டுச் சாயமேற்றும்) பட்டில் சாயமே முக்கியம்: ஈரமான வெள்ளைத் துணியை ஓர் ஓரத்தில் அழுத்திப் பார்த்து, வண்ணம் ஒட்டினால் அதைத் தனியாகவே அலச வேண்டும்.

பட்டு, தலைமுடியைப் போலவே புரதத்தால் ஆனது. துவைக்கும் முறை முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. புரதக் கறைகளை அகற்றுவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கப்படும் நொதிகள் பட்டையும் அரிக்கக்கூடும். குளோரின் வெளுப்பானோ இழையையே கரைத்துவிடும். எனவே குளிர்ந்த அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் சில துளி மென்மையான ஷாம்புவைக் கலந்து, ஸ்கார்ஃபை ஊறப் போடாமல் இரண்டு மூன்று நிமிடங்கள் அலசி எடுக்க வேண்டும். பின்னர் நல்ல நீரிலும், கடைசியாக நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்த நீரிலும் அலசினால், தங்கிய காரத்தன்மை நீங்கி மினுமினுப்பு திரும்பும். ஈரப்பட்டுக்கு வலுக் குறைவு என்பதால் முறுக்கிப் பிழியாமல், துவாலையில் சுருட்டி அழுத்தினால் போதும்.

உலர்த்துவதில்தான் மலைவாசிகள் சமவெளிக்காரர்களிடமிருந்து வேறுபட வேண்டியிருக்கிறது. வெளிக்கொடியில் போட்டால் மாலைப் பனி ஏறும். கடும் வெயில் வந்தாலோ பட்டு மஞ்சளிக்கும். வீட்டுக்குள் மின்விசிறிக்கு எதிரே பரப்பிவைத்து, சற்று ஈரம் இருக்கும்போதே உட்புறமாகத் திருப்பி, குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டுவிடுவது நல்லது. முற்றிலும் காயாததை அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

தேயிலை ஊரில் தேநீர்க் கறையைத் தவிர்க்க முடியாது. பட்டவுடன் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரும் சிறிது வினிகரும் கலந்து மீண்டும் ஒற்ற வேண்டும். தேத்தாரேக் எனும் பால்தேநீர் சிந்தினால் பாலின் கொழுப்பும் இருப்பதால், முதலில் குளிர்ந்த நீர், பிறகு ஷாம்பு நீர். தேய்த்தால் கறை போனாலும் மேல் இழைகள் உடைந்து வெளிறிய தழும்பு நின்றுவிடும்.

யுனெஸ்கோ 2021இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த சொங்கெட் எனும் மலாய் ஜரிகை நெசவில் அமைந்த செலண்டாங்கும் (தோள் சால்வை), காஞ்சிபுர ஜரிகை அங்கவஸ்திரமும் வீட்டு நீருக்கு உரியவை அல்ல. அணிந்தபின் நிழலில் காற்றாட விட்டு, தேவைப்பட்டால் உலர்சலவைக்குக் கொடுக்க வேண்டும். வாசனைத் திரவியத்தை அணிவதற்கு முன்பே பூசி உலரவிடலாம். ஜரிகைமேல் தெளிக்கக் கூடாது.

பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைபடும் என்பதால், எல்லாவற்றையும் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். ஜரிகை உள்ளவற்றை மடிக்காமல் சுருட்டி வைத்து, நாடாவால் கட்டலாம். ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம், ஏனெனில் பதப்படுத்திய ரப்பரில் உள்ள கந்தகம் ஜரிகையின் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும்.