பிப்ரவரிக்குத் தயாராகி மே மாதத்தில் திணறுவது: கல்லூரி பேஸ்பால் அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் தொடங்குவது பிப்ரவரி நடுவில். டிவிஷன் 1 என்னும் மேல்மட்டப் பிரிவில் ஆடும் அணி ஒன்றுக்கு வழக்கமான அட்டவணையில் 56 ஆட்டங்கள் வரை உண்டு. மே கடைசியில் 64 அணிகள் தேசியப் போட்டிக்குள் நுழையும். அதில் தேறும் எட்டு அணிகள் ஜூனில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகும். கல்லூரி உலகத் தொடர் என்ற அந்த இறுதிக் கட்டத்துக்கு 1950 முதல் அந்த ஊர்தான் வீடு. ஆக மொத்தம் நாலு மாத ஓட்டம். ஆனால் பல அணிகள் தயாராகிற விதத்தைப் பார்த்தால், முதல் வெள்ளிக்கிழமை ஆட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்பது போல இருக்கும். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி அந்த அவசரத்தில் பிறப்பவை.

முதலில் பிட்சரின், அதாவது பந்து எறிபவரின், கை. இலையுதிர் காலப் பயிற்சி முடிந்ததும் தேர்வு வரும், அப்புறம் கிறிஸ்துமஸ் விடுமுறை. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டு ஜனவரியில் திரும்பும்போது முதல் ஆட்டத்துக்கு நாலைந்து வாரம்தான் மிச்சம் இருக்கும். விடுமுறை முழுக்கப் பந்தைத் தொடாமல் இருந்த ஒருவர், அந்த நாலு வாரத்துக்குள் மணிக்கு 90 மைல் வேகத்துக்கு ஏறப் பார்ப்பார். கிரிக்கெட்டில் இரண்டு மாதம் வீட்டில் இருந்த வேகப்பந்து வீச்சாளரை நேராக டெஸ்ட் போட்டியில் இறக்குவதற்குச் சமம் இது.

ஓய்வு எடுப்பதில் தப்பில்லை, கட்டாயம் எடுக்க வேண்டும். எப்போது எடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். இலையுதிர் காலப் பயிற்சி முடிந்த கையோடு சில வாரம் கையைச் சும்மா விட்டுவிட்டு, டிசம்பரில் மெதுவாகத் தொடங்கியிருக்க வேண்டும். முதலில் குறைந்த தூரத்தில் லேசாக எறிவது, பிறகு தூரத்தைக் கூட்டுவது, பிறகு சமதரையில் பந்தைப் பிடிக்கும் கேட்சர் உட்கார எறிவது, அதன்பின் ஆட்டத்தில் பிட்சர் நின்று எறியும் மண்மேட்டில் ஏறுவது, கடைசியாக எதிரில் பேட்டரை நிறுத்துவது. ஒவ்வொரு படிக்கும் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் ஏழெட்டு வாரம் ஓடிவிடும். ஜனவரியில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டால் தேறாது.

பணயம் வைக்கப்படுவது முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சின்னத் தசைநார். அது அறுந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தது. வேறிடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோப்பார்கள். மீண்டும் ஆட்டத்துக்கு வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். கல்லூரியில் ஆடக் கிடைப்பதே நாலு சீசன் என்றிருக்கும்போது இது பெரிய இழப்பு. 2006இல் வெளியான ஓர் ஆய்வு பதின்வயது பிட்சர்களை எடுத்துப் பார்த்தது. கை களைத்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டிருந்தவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கான ஆபத்து 36 மடங்கு. ‘லேசாக வலிக்கிறது, பரவாயில்லை கோச்’ என்று சொல்லும் பையனை மெச்சுகிற பயிற்சியாளர்கள் இந்த எண்ணை ஓய்வறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இதோடு சேர்ந்தது வேகமானிப் பைத்தியம். இப்போது பயிற்சிக் கூடங்களில் ஒவ்வொரு பந்துக்கும் திரையில் எண் மின்னுகிறது. கூட இருப்பவர்கள் கத்த, பையன் அடுத்த பந்தை இன்னும் முறுக்கி எறிவான். ஜனவரியில் 96 மைல் தொட்டவர் ஏப்ரலில் 91க்கு வந்து நிற்பது அரிதான காட்சி அல்ல. 2024 டிசம்பரில் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் வெளியிட்ட காயங்கள் பற்றிய அறிக்கையும் வேகத்தின் மேல் உள்ள மோகத்தையும், ஓய்வுக் காலத்திலேயே முழு மூச்சில் எறிவதையும் குறை சொன்னது. வாரத்தில் சில நாள் அந்தத் திரையை அணைத்துவிட்டு, சொன்ன இடத்தில் பந்து விழுகிறதா என்று மட்டும் பார்த்தால் என்ன?

பேட்டிங்கில் நடக்கும் கூத்து வேறு. வலைக் கூண்டுக்குள் பயிற்சியாளர் கிட்டத்தில் நின்று மெதுவாகப் போடும் பந்தை விளாசுவது காதுக்கு இனிமை, ஆனால் பயன் குறைவு. 90 மைல் பந்து பேட்டரை அடைய சுமார் 0.4 விநாடிதான். அடிப்பதா விடுவதா என்ற முடிவைப் பழக்காமல் வெறும் அடியைப் பழக்கினால், முதல் வாரத்திலேயே வளைந்து கீழே விழும் பந்துகளுக்கு மட்டையைக் காற்றில் சுழற்ற வேண்டியதுதான். தங்களுக்குள் ஆடும் பயிற்சி ஆட்டத்தின் சராசரியையும் அப்படியே நம்பக் கூடாது. சொந்த அணி பிட்சரின் கை அசைவு நாலு மாதமாகப் பார்த்துப் பழகியது.

மினசோட்டா, மிஷிகன் போன்ற வடக்கு மாநில அணிகளுக்கு இன்னொரு தலைவலி, பனி. ஜனவரி முழுக்கக் கூரைக்கடியில் செயற்கைப் புல்லில் பயிற்சி, முதல் சில வாரங்கள் தெற்கே போய் ஆட்டம். குளிர்ப் பகுதி அணிகளால் முடியாது என்பதில்லை. மிஷிகன் 2019இல் இறுதித் தொடர் வரை போனது. சிக்கல் எங்கே என்றால், செயற்கைப் புல்லில் பந்து ஒழுங்காகத் துள்ளும், மண்ணில் அப்படி இல்லை. கூரைக்குக் கீழே உயரமான கேட்ச்சைச் சரியாகப் பழகவே முடியாது. முதல் வெளியூர்ப் பயணத்தில் ஒரு நாள் முன்கூட்டியே போய் வெயிலில் கேட்ச் பழகாத அணி, வெள்ளிக்கிழமை மதியம் வானத்தை அண்ணாந்து தேடும்.

சின்ன வேலைகளை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளுவதும் உண்டு. அடித்தவர் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸ் பக்கம் உருண்டு வரும் பந்தை எடுக்க அங்கே நிற்பவர் இடத்தை விட்டு நகர்ந்தால், பேஸ் காலியாகிவிடும். பிட்சர்தான் மேட்டிலிருந்து ஓடி அதை மூட வேண்டும். நேராகப் பேஸை நோக்கி ஓடினால் வேகமாக வரும் ஓட்டக்காரர் மேல் மோதுவார். அவர் ஓடிவரும் கோட்டுக்குச் சில அடி முன்பே திரும்பி, கோட்டையொட்டி ஓடி, ஓடும்போதே பந்தை வாங்கி, பேஸின் உள்விளிம்பை வலது காலால் மிதித்துவிட்டு உள்ளே விலக வேண்டும். எழுதவே நாலு வரி. யோசித்துச் செய்ய நேரம் இருக்காது, கால் தானாகப் போக வேண்டும். தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும், அந்தப் பத்து நிமிடம்தான் முதலில் வெட்டுப்படும்.

ஆள் கணக்கிலும் கவனம் வேண்டும். வீரர்களுடனான புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 2025-26 முதல் ஓர் அணிக்கு 34 பேர்தான் வரம்பு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ஆட்டம், பெரும்பாலும் செவ்வாயில் இன்னொன்று. வெள்ளி, சனி பிட்சர்களை மட்டும் செதுக்கிவிட்டு மற்றவர்களைப் பார்வையாளர்களாக வைத்தால், மார்ச்சிலேயே கை தீர்ந்துவிடும். பயிற்சி நேரமும் அளவானது: சீசனில் வாரம் 20 மணி நேரம், ஒரு நாள் கட்டாய ஓய்வு. ‘விருப்பப் பயிற்சி’ என்று பெயர் வைத்து எல்லோரையும் வரவழைப்பது விதியை ஏய்ப்பது மட்டுமல்ல, தூக்கத்தையும் தின்றுவிடும்.

யாரும் பேசாத ஒரு ஆள் கேட்சர். ஜனவரியில் பதினைந்து பதினாறு பிட்சர்கள் முறை வைத்து எறிவார்கள், எதிரில் குந்தி உட்கார மூன்று பேர்தான் இருப்பார்கள். பிட்சர் முப்பது பந்து போட்டுவிட்டுப் போய்விடுவார், கேட்சர் அடுத்தவருக்காக அங்கேயே உட்கார்ந்திருப்பார். சீசன் தொடங்கும் முன்பே முட்டியும் கட்டைவிரலும் வீங்கிவிடும். லேசான எறிதல்களுக்கு வலையைக் கட்டி, மாணவ உதவியாளர்களையும் உட்காரவைத்து அந்தச் சுமையைக் குறைக்கலாம். பிட்சர்கள் எத்தனை பந்து போட்டார்கள் என்று தினமும் தாள் ஒட்டுகிற அணிகள், கேட்சர்கள் எத்தனை பந்து பிடித்தார்கள் என்றும் பக்கத்திலேயே ஒன்று ஒட்டலாம்.