ஏரிக்கரையைக் கோடையிலேயே உடைக்கும் தவறுகள்

கிராமத்து ஏரி என்றால் பாசனம்தான் நினைவுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் அதற்கு வேறு வேலை. மேல்வரத்துத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, கலங்கல் (உபரிநீர் வழிந்தோடும் தாழ்வான கட்டு) வழியாக அளவோடு கீழே அனுப்பும் வெள்ளத் தடுப்பு அணையாக அது மாறிவிடுகிறது. அணை என்றாலும் வெறும் மண்தான். தண்ணீர் மேலேறி வழிந்து அரித்தால் உடையும். உள்ளே புகுந்து குடைந்தாலும் உடையும். பெரும்பாலான உடைப்புகள் இந்த இரண்டில் ஒன்று. இரண்டுக்கும் வழி திறந்துவிடும் காரியங்களில் பல மழை இல்லாத மாதங்களில், அதுவும் நல்ல எண்ணத்தோடுதான் நடக்கின்றன.

சில மட்டும் நல்ல மழையில் நடக்கும். அதில் முதலாவது, கலங்கல் வழிய ஆரம்பித்ததும் "வீணாப் போகுதே" என்று மணல் மூட்டை அடுக்கி ஓரடி உயர்த்துவது. கடைமடைக்கு இன்னொரு தண்ணீர் பாயும் என்ற ஆசையில் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு. கலங்கல் மேல் ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் வெள்ளம் வெளியேறிவிடும் என்று வைத்துக் கரையைக் கட்டியிருக்கிறார்கள் என்று கொள்வோம். ஓரடி மூட்டை வைத்தால் மிச்சம் அரையடி. உயரம் மூன்றில் ஒன்றானதால் வெளியேறும் தண்ணீரும் மூன்றில் ஒன்று என்று தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடும், ஏனென்றால் உயரம் குறையும்போது வேகமும் சேர்ந்து குறைகிறது. மீதித் தண்ணீர் கரையின் தலைக்குத்தான் ஏறும். கரை உச்சிக்கும் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி சேமிப்புக்கு அல்ல, அலைக்கும் பெருமழைக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை இருந்தது. பணக்காரர்களின் பொழுதுபோக்குக் கிளப் ஒன்று அதை வாங்கி, குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தியது. வளர்த்த மீன் தப்பாமலிருக்க உபரிநீர் வெளியேறும் இடத்தில் கம்பி வலை வைத்தது. அடியிலிருந்த இரும்புக் குழாய்களோ அதற்கு முன்பே கழற்றி விற்கப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று தண்ணீர் மேலேறி வழிந்து அணை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் ஊரோடு சேர்த்து 2,209 பேர் இறந்தார்கள். நம் பக்கம் மீன் குத்தகை எடுத்தவர்களும் கலங்கலில் வலை கட்டுவதுண்டு. அந்த வலையில் மீனைவிட அதிகமாகச் சிக்குவது ஆகாயத்தாமரையும் சருகும்தான். குத்தகை விடும்போதே கலங்கலில் வலை கூடாது என்று எழுதி வாங்கிவிடுவது நல்லது.

ஷட்டர் உள்ள இடங்களில் அதைப் புரட்டாசிக்குள் ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். 2021 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை மண்கரை அடித்துச் செல்லப்பட்டபோது, அங்கிருந்த ஐந்து ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யாமல் இருந்தது.

கரை முழுவதும் ஒரே உயரம் என்று கண் சொல்லும், நம்பக் கூடாது. மாடு ஏறி இறங்கும் தடம், டிராக்டர் பாதை, மதகுக்கு மேலே அமுங்கிய மண் எனப் பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் மேலேறினால் கரை முழுக்க வழியாது, அந்தப் பள்ளத்தில்தான் சேர்ந்து பாயும். மேஸ்திரிகள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும், ஒரு காலை வேளையில் பார்த்துவிடலாம். பள்ளத்தை நிரப்பும்போது ஜேசிபியில் அள்ளிக் கொட்டிவிட்டுப் போவது அடுத்த தவறு. ஈரமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடிக்காவிட்டால் முதல் மழையிலேயே அது கரைந்துவிடும். கனரக வண்டிகளையும் கரைமேல் விடக் கூடாது. இலங்கையின் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கரைமேல் ஓடிய பாரமான வண்டிகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன.

மேலேறும் தண்ணீராவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே புகுவது தெரியாது. கரையைக் குறுக்கே வெட்டி பிவிசி குழாய் பதித்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவது பல ஊர்களில் சாதாரணம். குழாயின் வழவழப்பான வெளிப்புறத்தோடு மண் ஒட்டுவதில்லை. குழாய்க்குள் போகும் தண்ணீரைவிட அதை ஒட்டிப் போகும் தண்ணீர்தான் ஆபத்து. மரமும் அப்படித்தான். பனை பற்றி ஊருக்கு ஊர் வாதம் உண்டு. அரசு, ஆல், சீமைக்கருவேலம் பற்றி வாதமே வேண்டாம். அவற்றை வெட்டி அடிக்கட்டையை மட்டும் விட்டுவிடுவது இன்னும் மோசம், வேர் மக்கிய இடமெல்லாம் பொந்தாகிவிடும். ஏரி வற்றியிருக்கும்போது வேரோடு எடுத்து, குழியைக் களிமண்ணால் இடித்து மூட வேண்டும்.

மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்தபோது, நண்டுகள்தான் காரணம் என்றார் ஓர் அமைச்சர். நாடே சிரித்தது. நண்டு வளை கரையைப் பலவீனமாக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் கசிவு இருக்கிறது என்று ஊரார் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டுச் சரிசெய்வதை நண்டு தடுக்கவில்லையே.

கசிவைப் பார்த்ததும் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்து, அளவும் நாளுக்கு நாள் கூடாமலிருந்தால் கவனித்துவந்தால் போதும். சேறு கலந்து வந்தால் கரையின் மண் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 காலையில் சேற்றுநீராகக் கசிந்தது. நண்பகலுக்குள் அணை போய்விட்டது. ஓட்டையை அடைக்கப் போன புல்டோசர்களையும் அது விழுங்கியது.

வெளிப்புறத்தில் ஊற்று கிளம்பினால் மூட்டையைப் போட்டு வாயை அடைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அடைத்த தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் தேடும். ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் போல மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் நிற்கவிட்டு, மண் வருவது நின்று தெளிந்த நீர் மட்டும் வழியும்படி செய்ய வேண்டும். அல்லது முதலில் பருமணல், மேலே சல்லி, அதற்கு மேல் கல் என்று போட வேண்டும். தண்ணீர் போகும், மண் தங்கும். களிமண்ணோ தார்ப்பாயோ அங்கே போடுவது தவறு.

பயத்தில் எல்லா மதகையும் திறந்து ஒரே நாளில் ஏரியை வடித்துவிடுவதும் ஆபத்துதான். உட்சரிவு மண் ஊறிக் கனத்திருக்கும். அதைத் தாங்கி நின்ற தண்ணீர் சட்டென்று இறங்கினால் சரிவு அப்படியே வழுக்கி விழும். கரை உடையும் நிலையில் இல்லாவிட்டால், மெதுவாக இறக்குவதே சரி. வண்டல் எடுக்கும்போது கரையடியில் தோண்டினாலும் இதே சரிவுதான்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையானவற்றுக்கும்தான் பொருந்தும். ஊர் ஏரிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. ஆகவே பார்ப்பதும் சொல்வதும் ஊராரே. தமிழ்நாட்டில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அழைக்கும்போது ஏரியின் பெயர், எந்த மதகிலிருந்து எவ்வளவு தூரத்தில் கசிவு, தண்ணீர் தெளிவா சேறு கலந்ததா, கலங்கல் மேல் எத்தனை அடி ஓடுகிறது என்ற நான்கையும் சொல்லுங்கள். அழைத்த கையோடு கரைக்குக் கீழே குடியிருப்பவர்களையும் எழுப்பிவிடுங்கள்.