பேரிடருக்குப் பின் வெளிநாட்டு உதவி: ஏற்பதா, மறுப்பதா என்று முடிவெடுக்கும் முறை

நிலநடுக்கமோ புயலோ ஒரு நாட்டைத் தாக்கிய சில மணி நேரத்திலேயே, உதவத் தயார் என்ற செய்திகள் பல தலைநகரங்களிலிருந்து வரத் தொடங்கிவிடும். அவற்றை மொத்தமாக ஏற்பதா, மொத்தமாக மறுப்பதா என்று யோசிப்பதுதான் பல அரசுகள் செய்யும் முதல் தவறு. எந்த உதவி, எத்தனை மணி நேரத்துக்குள், யார் வழியாக என்று பிரித்துக் கேட்டால் விடை வேறாகிவிடும். பேரிடர் நிர்வாகத்தில் இருப்பவர்களும், தம் அரசின் முடிவை எடைபோட விரும்பும் குடிமக்களும் அந்தக் கேள்விகளை எந்த முறையில் அணுகலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

சட்ட நிலையை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1991-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானம், மனிதநேய உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் இசைவோடு வழங்கப்பட வேண்டும் என்கிறது. தன் எல்லைக்குள் பாதிக்கப்பட்டோரைப் பேணும் முதற்பொறுப்பு அந்நாட்டுக்கே உரியது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. மறுக்கும் உரிமையை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறார்கள். மறுத்த உதவிக்கு ஈடானதைத் தானே கொண்டுசேர்க்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான், ஓர் அரசு மறுப்பதற்கு நியாயம் உண்டு.

முதல் படி: கையிருப்பை மணிக்கணக்கில் எண்ணுதல்

இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை உயிரோடு மீட்பவர்கள் அக்கம்பக்கத்தாரும் உள்நாட்டுக் குழுக்களுமே. மூன்று நாட்கள் கடந்துவிட்டால் பிழைத்திருப்போர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். வெளிநாட்டு மீட்புக் குழு கிளம்பி, வந்து இறங்கி, களத்தை அடைய ஒன்றிரண்டு நாட்கள் ஆகிவிடுவதால், அந்தக் குழு வேண்டுமா என்ற முடிவை முதல் சில மணி நேரத்திலேயே எடுத்தாக வேண்டும். 2008 மே 12 அன்று சிச்சுவானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, சீனா அழைத்த முதல் வெளிநாட்டுக் குழுவான ஜப்பானியக் குழு மே 16 அன்றுதான் களத்தை எட்டியது. அதற்குள் உயிரோடு மீட்கும் வாய்ப்பு அநேகமாக முடிந்திருந்தது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தின்போது துருக்கி அன்றைய தினமே தன் உச்ச எச்சரிக்கை நிலையை அறிவித்து, உலக நாடுகளின் உதவியைக் கோரியது.

எனவே முதலில் எழுத வேண்டியது தேவைப் பட்டியல். நகர்ப்புற மீட்பில் பயிற்சி பெற்ற குழுக்கள் எத்தனை, மோப்ப நாய்கள் எத்தனை, அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய படுக்கைகள் எத்தனை, சாலை துண்டிக்கப்பட்ட ஊர்களை அடைய ஹெலிகாப்டர்கள் எத்தனை என்று எண்ணி, தேவைக்கும் இருப்புக்கும் இடையிலான குறையை மட்டுமே வெளியுலகிடம் கேட்க வேண்டும். 2023 செப்டம்பரில் மொராக்கோ தேவையை மதிப்பிட்டு ஸ்பெயின், பிரிட்டன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு நாடுகளின் உதவியை மட்டும் அப்போதைக்கு ஏற்றது. ஒருங்கிணைப்பு இல்லாமல் எல்லோரும் வந்து இறங்கினால் அதுவே இடையூறாகும் என்று காரணம் சொன்னது. பலர் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஆனால் அந்தக் காரணம் பொருளற்றதல்ல. 2015-இல் நேபாள நிலநடுக்கத்துக்குப் பின், நிவாரண விமானங்கள் குவிந்த காத்மாண்டு விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதை சேதமடைந்ததால், பெரிய விமானங்கள் இறங்குவதையே தற்காலிகமாகத் தடைசெய்ய நேர்ந்தது.

இரண்டாம் படி: உதவியை இனம் பிரித்தல்

பணம், பொருள், ஆள் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பொருளுதவிதான் மிக அதிகமாகக் குவிவது, மிக அதிகமாக வீணாவதும் அதுவே. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் நேர்ந்தபோது குறைந்தது 5,000 டன் மருந்துகளும் மருத்துவப் பொருட்களும் வந்து சேர்ந்தன. உடனடியாகப் பயன்படுத்தத் தக்கவை சுமார் 30 சதவீதம் மட்டுமே. காலாவதியானவையும், உள்ளூர் மருத்துவர்களால் படிக்க முடியாத மொழியில் அச்சிடப்பட்டவையும் அவற்றில் கலந்திருந்ததால், அவற்றைத் தரம் பிரிப்பதிலேயே நோயாளிகளைக் கவனித்திருக்க வேண்டிய கைகள் செலவாயின. மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996-இல் நெறிமுறைகளை வெளியிட்டது. வந்து சேரும்போது மருந்துக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பெறும் நாடு இந்த நெறிமுறைகளையே தன் நிபந்தனையாக அறிவித்துவிடலாம்; அது நன்றிகெட்ட செயலாகாது. வசதி படைத்த நாடுகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் பிரிட்டன் அனுப்பிய லட்சக்கணக்கான உணவுப் பொட்டலங்கள், மாட்டிறைச்சி தொடர்பான இறக்குமதி விதியால் விநியோகிக்கப்படாமல் அமெரிக்கக் கிடங்கில் தேங்கின.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: அது மானியமா, கடனா, அல்லது கொடுக்கும் நாட்டு நிறுவனங்களிடமே பொருள் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வருவதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அறிவித்த தொகையையும் வந்து சேர்ந்த தொகையையும் தனித்தனியே பதிவுசெய்து மக்களுக்குக் காட்ட வேண்டும்.

ஆட்களை அனுமதிப்பதில் உடல்நலப் பரிசோதனையும் சுகாதார ஏற்பாடுகளும் இன்றியமையாதவை. ஹைட்டியில் 2010 நிலநடுக்கத்துக்குச் சில மாதங்களுக்குப் பின், ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து பரவிய காலரா, பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேரின் உயிரைக் குடித்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் 2016-இல்தான் மன்னிப்புக் கேட்டார். 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பால் பாதிக்கப்பட்ட டோங்கா, கொரோனா தன் மண்ணுக்குள் வராதிருக்க, உதவிப் பொருட்களை நேரடித் தொடர்பின்றி இறக்கச் செய்து, சில நாட்கள் தனித்து வைத்த பின்பே விநியோகித்தது. உதவியையும் ஏற்று, நிபந்தனையையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு அந்தச் சிறிய தீவு நாட்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: நம்பிக்கை இல்லாத நாடு உதவ வந்தால்

தன்மானமும் பாதுகாப்பும் இந்த விவாதத்தில் அடிக்கடி எழுகின்றன. அவற்றை நான் அற்பமாக எண்ணவில்லை. அயல்நாட்டுப் படைக்கப்பல் கரையருகே நிற்பதை எந்த அரசும் கவலையோடுதான் பார்க்கும். ஆயினும் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் தாக்கிய மியான்மரில், ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போயிருந்த நிலையில், நிவாரணப் பணியாளர்களுக்கு விசா தராமல் வாரக்கணக்கில் இழுத்தடித்ததை எந்தப் பாதுகாப்புக் காரணமும் நியாயப்படுத்தாது. பின்னர் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், ஐ.நா., மியான்மர் அரசு ஆகிய மூன்றும் சேர்ந்த குழு அமைந்தபோதே வழி திறந்தது. அந்த ஏற்பாட்டை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம் என்பதுதான் வேதனை. நேரடியாக ஏற்க மனமில்லாத உதவியை அண்டை நாடுகளின் கூட்டமைப்பு, செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள், ஐ.நா. முகமைகள் ஆகியவற்றின் வழியாகப் பெறும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. நீண்ட பகை உள்ள துருக்கியும் கிரேக்கமும் 1999 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அடுத்தடுத்து நேர்ந்த நிலநடுக்கங்களில் ஒருவர் மண்ணுக்கு மற்றவர் மீட்புக் குழுவை அனுப்பிக்கொண்டதும் நினைவில் நிற்க வேண்டியது.

மறுப்பே சரியாக அமையும் சூழலும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் இந்தியா பிற அரசுகளின் உடனடி நிவாரண உதவியை ஏற்காமல், தன் கடற்படையை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவ அனுப்பியது. ஆனால் மறுசீரமைப்புக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் நிதியைப் பெற்றுக்கொண்டது. மறுப்பதாயின் அதை உடனே, காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். பதில் தராமல் காக்கவைத்தால், வேறெங்கும் பயன்பட்டிருக்கக்கூடிய குழுக்கள் விமான நிலையத்திலேயே நாட்களைக் கழிக்கும்.

முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவை

மேற்சொன்ன எதையும் பேரிடர் நடந்த இரவில் புதிதாகத் தீர்மானிக்க இயலாது. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் 2007 சர்வதேச மாநாடு ஏற்ற வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றி, நிவாரணப் பணியாளருக்கு விரைவு விசா, உதவிப் பொருளுக்குச் சுங்க வரி விலக்கு, அயல்நாட்டு மருத்துவரின் தகுதிச் சான்றுக்குத் தற்காலிக ஏற்பு ஆகியவற்றை அமைதிக் காலத்திலேயே சட்டமாக்கி வைக்கலாம். எல்லா உதவிக்கும் ஒரே தொடர்பு அலுவலகமும், அதன் தலைமை அலுவலருக்கு முதல் ஆறு மணி நேரத்தில் அமைச்சரவையைக் கேளாமலேயே மீட்புக் குழுக்களை அழைக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளிநாட்டுக் குழுக்கள் எந்த நாளில் பணியை உள்ளூர் மருத்துவமனைகளிடமும் நிர்வாகத்திடமும் ஒப்படைத்துத் திரும்பும் என்பதையும், எதை விட்டுச்செல்லும், எதை எடுத்துச்செல்லும் என்பதையும் அவர்கள் வந்து இறங்கும் நாளிலேயே எழுத்தில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.