'டாமிநாக்கர்ஸ்' நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே நாவலுக்கு மதிப்புரை எழுதி அனுப்பியிருந்தார்கள். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'தி டாமிநாக்கர்ஸ்'. மூவரும் எழுத்துக்குப் புதியவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவருக்கு அது 'மாபெரும் சறுக்கல்'. இன்னொருவருக்கு 'யாரும் கண்டுகொள்ளாத பொக்கிஷம்'. மூன்றாமவர் 'கலவையான அனுபவம்' என்று எழுதி நழுவிவிட்டார். தீர்ப்பில் இவ்வளவு தூரம் விலகி நின்றவர்கள், தவறில் மட்டும் தோளோடு தோள் நின்றார்கள். அவர்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறேன். அதனால்தான் எரிச்சல் கொஞ்சம் அதிகமாக வருகிறது.

பாத்திரங்களின் பெயரைப் பிழையாக எழுதுவது, முதல் பத்தியிலேயே முடிவைப் போட்டு உடைப்பது, பின்னட்டை வாசகத்தைத் தன் கருத்தாக இறக்கி வைப்பது ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவற்றுக்கு ஒரு சிவப்புப் பேனா போதும்.

நாவலை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. 1987இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஹேவன் என்றொரு கற்பனைச் சிற்றூர். பாபி ஆண்டர்சன் என்ற பெண் கௌபாய் கதைகள் எழுதிப் பிழைக்கிறாள். தன் கிழட்டு நாயோடு காட்டில் நடந்துகொண்டிருக்கும்போது கால் எதிலோ தடுக்குகிறது. மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோக விளிம்பு. தோண்டத் தொடங்குகிறாள். அடியில் இருப்பது காலங்காலமாகப் புதைந்து கிடக்கும் ஒரு விண்கலம். அதிலிருந்து கசிகிற ஏதோ ஒன்று ஊராரை மெல்ல மெல்ல மாற்றுகிறது.

சராசரி எடுப்பது

பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், பாதிப் பேர் மூலையில் வீசுகிறார்கள், ஆகவே நாவல் சுமார். புதியவர்கள் போடும் கணக்கு இது. நானும் போட்டிருக்கிறேன்.

வாசகர்கள் இப்படிப் பிளவுபட்டால், அந்தப் பிளவு புத்தகத்துக்குள்ளேயே எங்காவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த நாவலில் இருக்கிறது. மூன்று பாகங்கள். முதல் பாகத்தில் ஒரு பெண், ஒரு நண்பன், ஒரு நாய், ஒரு குழி. இரண்டாம் பாகத்தில் ஊர் முழுக்க உள்ளே வந்துவிடுகிறது. மூன்றாவதில் கலம். முதல் பாகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறவரும் இரண்டாம் பாகத்தில் மூச்சு வாங்கியவரும் ஒரே புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். 'பிடித்ததா?' என்று யாரையும் கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வரும், பெரும்பாலும் நேர்மையாகவும் வரும்.

'படையெடுப்பு' என்ற சொல்லை நம்பி உட்காருவது

வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பு என்று அட்டையில் இருந்தால், வானம் இருண்டு வரிசை வரிசையாகக் கலங்கள் இறங்கும் என்று நாம் காத்திருக்கிறோம். ஹேவனில் வானத்திலிருந்து எதுவும் இறங்குவதில்லை. வந்தது எப்போதோ வந்து மண்ணுக்கடியில் கிடக்கிறது. பல் விழுகிறது, அடுத்தவர் நினைப்பு காதில் கேட்கிறது, சமையலறை மேசையில் பேட்டரிகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கருவி செய்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. படையெடுப்பு என்பது இவ்வளவுதான். 'கடைசிவரை ஒரு சண்டைகூட வரவில்லையே என்று காத்திருந்தேன்' என்று ஒரு மதிப்புரை முடிகிறது. வராத விருந்தாளிக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், வீட்டுக்குள் நடந்ததைப் பார்க்கவில்லை.

ஆசிரியரின் வாக்குமூலத்தைத் தீர்ப்பாக்குவது

இங்கே கொஞ்சம் நேரமாகும்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். கிங் தன் குஞ்சைப் பற்றி வேறு மாதிரி சொன்னார். 2000இல் வெளிவந்த 'ஆன் ரைட்டிங்' என்ற நூலில், 1986இன் வசந்தத்திலும் கோடையிலும் இந்த நாவலை எழுதியதை அவர் விவரிக்கிறார். பல நாள் நள்ளிரவு வரை வேலை. இதயம் நிமிடத்துக்கு 130 முறை துடிக்கிறது. கோகெய்னால் மூக்கில் வழியும் ரத்தத்தை நிறுத்தப் பஞ்சு அடைத்திருக்கிறார். 2014இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைப் பேட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், அது மோசமான புத்தகம் என்றே சொல்லிவிட்டார். சுமார் 700 பக்கங்களுக்குள் 350 பக்கத்தில் ஒரு நல்ல நாவல் ஒளிந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அந்தப் பேட்டியைப் படித்தபோது நான் நாவலில் ஏறக்குறைய 200 பக்கம் கடந்திருந்தேன். அதுவரை எனக்கு எந்தப் புகாரும் இல்லை. உண்மையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தேன். பேட்டிக்குப் பிறகு மீதிப் பக்கங்களை வாசகனாகப் படிக்கவில்லை, தடயம் தேடும் காவலராகப் படித்தேன். ஒரு வாக்கியம் நீண்டால் கோகெய்ன். ஒரு பாத்திரம் காரணமில்லாமல் வந்து போனால் கோகெய்ன். இரண்டு நாளில் மதிப்புரை தயார். 'போதையில் பிறந்த குழப்பம்' என்று அதில் ஒரு வரி. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுரை அச்சாகி ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. வயதானவரின் குரல்.

"தம்பி, நீங்கள் சொல்லும் போதை எந்தப் பக்கத்தில் தெரிகிறது?"

பேட்டியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது பேட்டியில் இருக்கிறது. புத்தகத்தில் எங்கே என்று கேட்டேன். நான் குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. கார்டனர் குடிக்கிற பக்கங்களை மூன்று முறை படித்தேன். தெளிவில்லாதவர் எழுதியதாக எனக்குப் படவில்லை."

அவ்வளவுதான். நன்றி சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்று இரவு அந்தப் பக்கங்களை மறுபடியும் எடுத்தேன். ஜிம் கார்டனர் பாபியின் பழைய நண்பன், கவிஞன், குடிகாரன், போதையில் ஒருமுறை மனைவியைத் துப்பாக்கியால் சுட்டவன். கவிதை வாசிப்பு முடிந்து ஒரு விருந்து. முதல் கோப்பையை எடுப்பதற்கு முன் தனக்குத் தானே பேரம் பேசுகிறான். பிறகு மின் நிறுவனத்துக்காரர் ஒருவரோடு அணு உலை பற்றிச் சண்டை, விருந்தே நாசமாகிறது. அடுத்து நினைவு திரும்பும்போது கடற்கரையில் ஒரு கல்லணைமேல் கிடக்கிறான். இடையில் போன நாட்கள் கணக்கில் இல்லை. கடலில் இறங்கிவிடலாம் என்று முடிவு செய்கிறான். அப்போது வெடி கொளுத்திக்கொண்டிருக்கும் ஒரு சிறுவன் அவனிடம் பேச்சுக் கொடுக்கிறான். அந்த உரையாடலில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.

அங்கிருந்து அவன் பாபியின் வீட்டுக்கு வருகிறான். அவள் எலும்பும் தோலுமாக நிற்கிறாள். நாட்கணக்கில் தூங்காமல் உழைத்திருக்கிறாள், பல் விழுந்திருக்கிறது, ஆனாலும் உற்சாகம் பொங்குகிறது. அவள் தூங்கும்போது தட்டச்சுப் பொறி அவள் மனத்தைப் படித்துத் தானாக ஒரு நாவலை அடித்து முடித்திருக்கிறது. இதுவரை அவள் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. வாழ்நாளெல்லாம் போதையில் புரண்டவன் இன்னொரு போதையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்கிறான். கண்டும், அவளைத் தடுக்காமல் தானும் குழிக்குள் இறங்கித் தோண்டுகிறான்.

குழப்பமாம். எழுதியவன் கையை முறிக்க வேண்டும்.

இதில் வேடிக்கை, 'ஆன் ரைட்டிங்' நூலிலேயே கிங் இதைச் சொல்லியிருக்கிறார். தலைக்குள் புகுந்து தட்டிக்கொண்டே இருக்கிற, உற்சாகத்தையும் மேலோட்டமான புத்திசாலித்தனத்தையும் தருகிற வேற்றுக்கிரகவாசிகள், மதுவுக்கும் போதைக்கும் தன் களைத்த மூளை கண்டுபிடித்த உருவகம் என்கிறார். வாக்குமூலத்தில் எனக்கு வசதியான பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

'பொக்கிஷம்' என்று எழுதிய புதியவர் மறு பாதியை வெட்டி எடுத்திருக்கிறார். அவருக்கு எல்லாமே உருவகம், ஆகவே எல்லாமே மன்னிக்கப்படும். நாவலில் ஒரு குளிர்பான விற்பனை இயந்திரம் காற்றில் பறந்து வந்து பத்திரிகையாளர் ஒருவரைக் கொல்கிறது. 'கட்டுப்பாடிழந்த அடிமைத்தனத்தின் குறியீடு' என்கிறார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த பிறகு அடுத்த ஐந்து பக்கத்துக்குப் பயம் திரும்பவில்லை. ஒரு பயங்கரக் கதைக்கு அது நஷ்டம். ஆசிரியர் மூக்கில் பஞ்சு இருந்ததா இல்லையா என்பதால் அந்த நஷ்டம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

வேற்றுக்கிரகவாசிகள் வரும் கிங்கின் இன்னொரு நாவலான 'ட்ரீம்கேட்சரு'க்கும் இதே கதிதான். 1999 ஜூன் 19 அன்று சாலையோரம் நடந்துகொண்டிருந்த கிங்கை ஒரு வேன் மோதியது. அதன் பிறகு, உட்காரவே வலித்த நாட்களில், ஊற்றுப் பேனாவால் கைப்பட எழுதிய நாவல் அது. 2001இல் வெளிவந்தது. வலிமருந்தின் பிடியில் எழுதியது, தனக்கே அவ்வளவாகப் பிடிக்காது என்று அதே 2014 பேட்டியில் சொன்னார். நாவலில் ஜோன்ஸி என்ற பாத்திரமும் கார் மோதி இடுப்பு முறிந்தவன். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் மதிப்புரையாளருக்கு வேலை முடிந்தது. அவன் உடலை வேற்றுக்கிரகவாசி எடுத்துக்கொண்ட பிறகு, தன் நினைவுகளின் கிடங்குக்குள் ஓர் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கும் பகுதியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

வாழ்க்கை வரலாற்றைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. முதல் வரைவை எழுதி முடித்துவிட்டுத் தொடுங்கள். வரைவில் ஒரு வரியும் மாறவில்லை என்றால் அந்தத் தகவல் உங்களுக்குத் தேவையில்லை. மாறினால், எந்தப் பக்கத்தால் மாறியது என்று சொல்ல முடிய வேண்டும்.

மூவரில் ஒருவர், 'போதையில் பிறந்த குழப்பம்' என்று ஒரு விமர்சகர் குறிப்பிட்டிருப்பதாக மேற்கோள் காட்டியிருந்தார். பழைய இதழ் எப்படியோ அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. அந்த விமர்சகர் யார் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

திரை வடிவத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது

'டாமிநாக்கர்ஸ்' 1993இல் தொலைக்காட்சித் தொடர். 'ட்ரீம்கேட்சர்' 2003இல் திரைப்படம், அதில் முடிவே வேறு. மாட்டிக்கொள்வீர்கள்.

அருவருப்பைக் குறையாகக் கணக்கிடுவது

'ட்ரீம்கேட்சர்' பற்றி முகம் சுளிக்காத மதிப்புரையை நான் பார்த்ததில்லை. சுளிக்கட்டும். மனித வயிற்றுக்குள் வளர்ந்து பின்வழியாக வெளியே வரும் உயிரியைக் கண்டு வேறென்ன செய்வது? ஆனால் கழிப்பறைக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அந்த உயிரி கழிப்பறைக் கோப்பைக்குள் மாட்டியிருக்கிறது. ஜோன்ஸியின் நண்பன் பீவர் மூடியின்மேல் உட்கார்ந்து அதை அடக்கி வைத்திருக்கிறான். எழுந்தால் செத்தான். அவனுக்குப் பதற்றமானால் பல்குச்சி கடிக்க வேண்டும். பல்குச்சிகள் தரையில் சிதறிக் கிடக்கின்றன, கைக்கு எட்டாத தூரத்தில். இரண்டு அங்குலம் எழுந்தால் ஒன்று கிடைத்துவிடும்.

அசிங்கத்தை எழுத யாராலும் முடியும். அந்த அசிங்கத்தின்மேல் ஒரு மனிதனை உட்கார வைத்து, அவன் உயிரை ஒரு பல்குச்சியில் தொங்கவிடுவதற்குக் கை வேண்டும். குமட்டியது என்று எழுதிவிட்டு இதையும் எழுதுங்கள்.

'அவருடைய மற்ற நாவல்கள் அளவுக்கு இல்லை'

இல்லைதான். மேலே சொல்லுங்கள்.

'இழுவை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது

'நடுவில் இழுவை.' மூன்று மதிப்புரைகளிலும் இருந்த வாக்கியம் இது ஒன்றுதான். ஆசிரியரே ஒப்புக்கொண்ட நீளம் என்பதால் சொல்கிறவருக்குத் துணிச்சலும் வந்துவிடுகிறது. எது இழுக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

நடுப்பாகம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு தடயம் உண்டு. பெக்கா பால்சன் என்ற பெண்ணின் வீட்டில் தொலைக்காட்சிமேல் இருக்கும் இயேசு படம் அவளோடு பேசத் தொடங்கி, அவள் கணவனின் கள்ள உறவை அம்பலப்படுத்துகிறது. இந்தப் பகுதி நாவலுக்கு மூன்று ஆண்டு முன்பே, 1984இல், தனிச் சிறுகதையாக வந்தது. நடுப்பாகத்தில் பல அத்தியாயங்களுக்கு இந்தச் சிறுகதைக் குணம் உண்டு. வித்தை காட்டுவதாகச் சொல்லித் தம்பியை நிஜமாகவே மறையச் செய்துவிட்டு, திரும்ப வரவழைக்கத் தெரியாமல் நிற்கும் சிறுவன் ஹில்லியின் கதையைத் தனியாக எடுத்துக் கொடுத்தாலும் நிற்கும். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் பாபியும் கார்டனரும் குழிக்குள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சிறுகதை வாசகருக்கு இந்தப் பாகம் விருந்து. குழிக்குள் என்ன ஆயிற்று என்று துடிப்பவருக்கு இழுவை. இருவருமே பொய் சொல்லவில்லை. என் கணக்கில் பெக்காவும் ஹில்லியும் இருக்க வேண்டும், ஊராரில் இன்னும் நான்கைந்து பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

இதையெல்லாம் எழுதி, 'கலவையான அனுபவம்' என்றவருக்கு அனுப்பினேன். பத்து நாள் பேச்சு மூச்சு இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். நேற்று புதிய வரைவு வந்தது. 'இழுவை' ஒரே இடத்தில் இருக்கிறது, பக்க எண்ணோடு. ஹில்லியின் கதையைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்கிறார், காரணம் ஒரு முழுப் பத்திக்கு நீள்கிறது. எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.